டால்டன் மேடையும் பார்ன்ஸ்வில் மேடையும்

2021 ஜனவரி 5, செவ்வாய்க்கிழமை. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் அன்றைக்கு ஓட்டுப் போடப் போகவில்லை. அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். பெரியவருக்குச் சொந்த ஊர் இன்னும் வடக்கே, டால்டன். அங்கே கார்பெட் மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து தங்கியவர். ரீகன் காலத்திலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு. வாசல் புல்வெளியில் அந்தக் கட்சியின் செனட் வேட்பாளர்கள் டேவிட் பெர்டியூ, கெல்லி லெஃப்லர் இருவருக்குமே பலகை நட்டிருந்தார். நவம்பரில் காலையிலேயே போய் வரிசையில் நின்றவர், ஜனவரியில் வீட்டிலேயே இருந்துவிட்டார். குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். “நான் போட்டு என்ன ஆகப் போகுது? கடைசியில எண்ணுறவங்க வச்சதுதானே கணக்கு? அதிபரே சொல்லிட்டாரே” என்றார். கோபம் எதுவும் இல்லை. மழை வரும் என்று வானிலை அறிக்கையில் சொன்னார்கள், அதனால் வெளியே போகவில்லை என்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

அதிபரே சொல்லிட்டாரே. இதுதான் இத்தனை வருடமாக என்னை விடாமல் குடைகிறது. அதிபர் என்றால் டிரம்ப். நவம்பரில் தோற்றுவிட்டு, அந்தத் தேர்தலே மோசடி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதே அதிபர் முந்தின நாள் ராத்திரிதான் இவருடைய சொந்த ஊரான டால்டனுக்கே வந்து, இவர் பலகை நட்டிருந்த அதே இரண்டு பேருக்காக ஓட்டுக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். அதுவும் சும்மா ஒரு தேர்தல் இல்லை. ஜார்ஜியா சட்டப்படி யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், இரண்டு செனட் இடங்களுக்கும் ஒரே நாளில் மறுசுற்று. இரண்டையும் ஜனநாயகக் கட்சி பிடித்தால் செனட் 50-50 ஆகும், துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டு முடிவைத் தீர்மானிக்கும். அந்த இரண்டு மாதம் எங்கள் தபால்பெட்டி விளம்பர அட்டைகளால் நிரம்பி வழிந்தது. தமிழிலேயே பேசி ஓட்டுக் கேட்டு ஃபோன் வந்த முதல் தேர்தல் எனக்கு அதுதான்.

தேர்தல் முடிந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான சண்டை. “டிரம்ப் வந்துதான் கெடுத்தார்” என்றது ஒரு கட்சி. “அவர் வரலைன்னா இன்னும் மோசமாத் தோத்திருப்பாங்க அண்ணே” என்றது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டுமே நிறைவாக இல்லை. இரண்டு பேருமே அதிபரின் ஆதரவை ஓட்டு சேர்க்கும் கருவியாகப் பார்த்து, அது வேலை செய்ததா இல்லையா என்று மட்டும் கேட்கிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு அதிபர் தன் கட்சிக்காரருக்காக மேடை ஏறும்போது, அந்த மேடையில் யார் யாரோடு பேசுகிறார்கள்? கீழே நிற்கிற வாக்காளர் அந்தப் பேச்சில் இருக்கிறாரா?

மேகன், வால்டோஸ்டா, டால்டன்

முதலில் மேகன் நகரக் கூட்டம். 2020 அக்டோபர் 16. டிரம்ப் வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடாக்கப் பேசியவர் பெர்டியூ. கமலாவின் பெயரை வேண்டுமென்றே கோணல்மாணலாக நீட்டி, அடுக்கிச் சொல்லி, எனக்குத் தெரியாது, என்னமோ ஒன்று என்பதுபோல முடித்தார். கூட்டம் சிரித்தது. தவறாக உச்சரித்துவிட்டார், வேறு உள்நோக்கம் இல்லை என்று பிறகு அவர் தரப்பில் சொன்னார்கள். 2017 முதல் அதே செனட்டில் கூடவே உட்கார்ந்த ஒருவரின் பெயர் அது. எங்கள் வீடுகளில் பாட்டிக்கும் அத்தைக்கும் இருக்கிற பெயர் என்பதால் நம்மவர்கள் எல்லோரும் கொதித்தோம், சரி. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பெர்டியூவின் மாற்றம். பெரிய நிறுவனங்களை நடத்தியவர், விவாதங்களில் வரி, வணிகம் என்று அளந்து பேசுகிறவர். தலைவரின் மேடையில் ஏறியதும் தலைவரின் கூட்டத்துக்கு எது பிடிக்குமோ அதைப் பேசினார்.

அப்புறம் டிசம்பர் 5, வால்டோஸ்டா. தோல்விக்குப் பிறகு டிரம்ப் நடத்திய முதல் பெரிய கூட்டம் அது. பெர்டியூவும் லெஃப்லரும் பேச எழுந்தால், கூட்டம் டிரம்புக்காகப் போராடு என்று கோஷம் போட்டு அவர்கள் பேச்சையே மூழ்கடித்தது. தங்களுக்கு ஓட்டுக் கேட்க வந்த கூட்டத்தில் தங்களுக்கே பேச இடமில்லை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் எங்கள் ஊர்ப் பூங்காவில், நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற வில்ஸ் பார்க்கில், லின் வுட் என்ற வழக்கறிஞர் மேடை போட்டு, டிரம்புக்காக நிற்காத இந்த இருவருக்கும் ஓட்டுப் போடாதீர்கள் என்று பேசியிருந்தார்.

கொரோனா நிவாரணப் பணம் விஷயத்திலும் இதேதான் நடந்தது. தலைக்கு 600 டாலர் கொடுக்கும் மசோதாவைத் தன் சாதனையாக பெர்டியூ விளம்பரம் செய்துகொண்டிருந்தபோது, அந்த மசோதாவே வெட்கக்கேடு, 2,000 டாலர் வேண்டும் என்றார் டிரம்ப். இரண்டு வேட்பாளர்களும் அவசர அவசரமாக 2,000 டாலர் பக்கம் தாவினார்கள். அவர்களுடைய சொந்தக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் அதை நிறுத்தி வைத்தார். ஜனவரி 4 அன்று பைடன் அட்லாண்டாவுக்கு வந்து, எங்கள் வேட்பாளர்கள் ஜான் ஆசாஃப், ரஃபேல் வார்னாக் இருவரையும் அனுப்புங்கள், 2,000 டாலர் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வேலை சுலபமாக முடிந்தது.

இனி அந்த ஜனவரி 4 ராத்திரி. டால்டன் விமான நிலையத்தில் மேடை. முந்தின நாள்தான் டிரம்ப் ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கருக்கு ஃபோன் செய்து 11,780 ஓட்டு கண்டுபிடித்துக் கொடுக்கும்படி கேட்ட ஒலிப்பதிவு வெளியாகி நாடே கேட்டிருந்தது. பைடன் ஜெயித்த வித்தியாசம் 11,779. மூன்று முறை எண்ணியாகிவிட்டது, அதில் ஒரு முறை கையாலேயே. டால்டன் கூட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால், ராஃபன்ஸ்பெர்கர் அலுவலகத்தின் கேப்ரியல் ஸ்டெர்லிங், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், செய்தியாளர்கள் முன்னால் நின்று, பரவிக்கொண்டிருந்த ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லி, தயவுசெய்து நாளைக்குப் போய் ஓட்டுப் போடுங்கள் என்று மன்றாடினார். நான் அன்றைக்கு வேலையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டையும் பார்த்தேன்.

டிரம்ப் எடுத்த எடுப்பில் சொன்னது, ஜார்ஜியாவில் நாம் தோற்கவே இல்லை என்பதுதான். நேர்மையாகச் சொல்ல வேண்டும், நாளைக்குத் திரண்டு போய் ஓட்டுப் போடுங்கள் என்றும் சொன்னார், இரண்டு வேட்பாளர்களையும் புகழ்ந்தார். ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட பேச்சில் பெரும்பகுதி அவருடைய தேர்தலைப் பற்றியது. அவருடைய கட்சிக்காரரே ஆன ஆளுநர் பிரையன் கெம்ப்பை எதிர்த்து ஒன்றரை வருடம் கழித்துப் பிரசாரம் செய்ய வருவேன் என்று வாக்குக் கொடுத்தார். நாளைக்குத் தேர்தலை வைத்துக்கொண்டு, ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் வரப்போகிற பழிவாங்கலுக்கு மேடையில் தேதி குறித்துக்கொண்டிருந்தார்.

நடுவில் லெஃப்லரை மேடைக்குக் கூப்பிட்டார். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த இடம் இதுதான். லெஃப்லர் யார்? கெம்ப் நியமித்த செனட்டர். 2019 இறுதியில் அந்த இடம் காலியானபோது டிரம்ப் விரும்பியது ஜார்ஜியாவின் கீழவை உறுப்பினர் டக் காலின்ஸை. கெம்ப் கேட்கவில்லை, லெஃப்லரை அனுப்பினார். ஆக, அந்த அம்மாள் செனட்டுக்குள் நுழைந்ததே டிரம்ப்பின் விருப்பத்துக்கு எதிராக. அன்றிலிருந்து ஒரு வருடம் முழுக்கத் தான் அவருடைய ஆள் என்று நிரூபிப்பதே வேலையாக இருந்தார். டால்டனில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் அவர் சொன்னது வேலைவாய்ப்பைப் பற்றியோ, கொரோனாவைப் பற்றியோ, கார்பெட் மில்களைப் பற்றியோ இல்லை. ஜார்ஜியாவே, ஒரு அறிவிப்பு இருக்கிறது, ஜனவரி 6 அன்று தேர்வாளர் வாக்குகளை எதிர்க்கப் போகிறேன் என்றார். மாநிலங்களின் முடிவுப்படி அதிபரைத் தேர்ந்தெடுக்கிற அந்த வாக்குகளை நாடாளுமன்றம் எண்ணுகிற நாள் அது. கூட்டம் அலறியது. டிரம்ப் பக்கத்திலேயே நிற்கிறார், முகத்தில் திருப்தி.

அந்த அறிவிப்பு யாருக்கு? ஜார்ஜியாவே என்று கூப்பிட்டுச் சொன்னாரே தவிர, ஜார்ஜியாவுக்கு அதில் கிடைப்பது என்ன? ஜார்ஜியா மக்கள் போட்ட ஓட்டும் சேர்ந்துதான் செல்லாது என்று ஆகும். ஒரு மாநிலத்தின் செனட்டராக இருக்க ஓட்டுக் கேட்கிறவர், தேர்தலுக்கு முந்தின இரவு, அந்த மாநிலம் இரண்டு மாதம் முன்னால் போட்ட ஓட்டை ஏற்கப் போவதில்லை என்று வாக்குறுதி தருகிறார். பக்கத்தில் நிற்கிற ஒருவருடைய ஆதரவுக்கு அதுதான் விலை, எல்லோர் கண் முன்னாலும் அது செலுத்தப்படுகிறது. பெர்டியூ அங்கே இல்லை, தொற்று பயத்தில் தனிமையில் இருந்தார். அவருடைய பதவிக்காலமும் ஜனவரி 3 அன்றே முடிந்துவிட்டது. அதனால் எதிர்த்து ஓட்டுப் போடும் நிலைமை அவருக்கு வரவில்லை.

எங்கள் தெருப் பெரியவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார் என்றே நினைக்கிறேன். பார்த்தவர் ஒழுங்காகவே புரிந்துகொண்டிருக்கிறார். அதிபர் சொல்கிறார், வேட்பாளரும் சொல்கிறார்: போன தேர்தல் பொய். அப்படியானால் நாளைக்கு நடப்பது மட்டும் எப்படி மெய்யாகும்? அவரை முட்டாள் என்று எங்கள் குழுவில் சிலர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. தான் நம்புகிறவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்படி நடந்த மனிதர் அவர்.

பதினெட்டு சென்ட் கரண்ட் பில்

இதே ஜார்ஜியாவில், டால்டனுக்கு 82 வருடம் முன்னால், இன்னொரு அதிபர் இன்னொரு செனட் தேர்தலுக்காக மேடை ஏறியிருக்கிறார் என்பது எனக்கு வார்ம் ஸ்பிரிங்ஸ் போனபோதுதான் தெரிய வந்தது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதத்துக்கு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை தேடி 1924 முதல் வந்து போன ஊர். 1932இல் அவர் கட்டிய சின்ன மர வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1945இல் அவர் இறந்ததும் அங்கேதான். அதிபர் வீடு என்று நம்பவே முடியாத அளவுக்கு எளிமையான வீடு.

1938இல் ரூஸ்வெல்ட்டுக்கு எரிச்சல். ‘புதிய ஒப்பந்தம்’ (New Deal) என்ற அவருடைய பொருளாதார மீட்புத் திட்டங்களுக்குச் சொந்தக் கட்சியின் தெற்கத்திய செனட்டர்களே முட்டுக்கட்டை. அவர்களில் ஒருவர் ஜார்ஜியாவின் வால்டர் ஜார்ஜ், 1922 முதல் செனட்டர். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எண்ணிக்கையைக் கூட்டும் ரூஸ்வெல்ட்டின் திட்டத்தை எதிர்த்தவர். அவரை உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்த்த அதிபர் முடிவு செய்தார். ஆகஸ்ட் 11, பார்ன்ஸ்வில். கிராமப்புற மின்சாரத் திட்டத் தொடக்க விழா. மேடையிலேயே செனட்டர் ஜார்ஜ் உட்கார்ந்திருக்கிறார்.

ரூஸ்வெல்ட் தன் கரண்ட் பில்லில் தொடங்கினார். வார்ம் ஸ்பிரிங்ஸில் முதன்முதலில் வந்த பில்லில் யூனிட்டுக்கு 18 சென்ட் போட்டிருந்ததாம், நியூயார்க்கில் ஹைட் பார்க் வீட்டில் தான் கொடுத்ததைப்போல நான்கு மடங்கு. ஏன் இப்படி என்று தேடப் போய்த்தான் கிராமத்துக்கு மின்சாரம் என்ற எண்ணமே பிறந்தது என்றார். எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது. வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்கி அரசியலுக்கு வருகிறார். பிறகு திரும்பி, ஜார்ஜ் என் நண்பர், ஆனால் பொதுக் கேள்விகளில் எங்களுக்குள் ஒத்துப்போவதில்லை என்றார். வேட்பாளரிடம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளை வைத்தார்: இந்த நோக்கங்களுக்காக விடாமல் போராடியிருக்கிறாரா, உள்ளத்தின் ஆழத்தில் அவற்றை நம்புகிறாரா? ஜார்ஜ் விஷயத்தில் ஆம் என்று சொல்ல முடியவில்லை, எனக்கு இங்கே ஓட்டு இருந்தால் அவரை எதிர்த்து நிற்கிற லாரன்ஸ் கேம்ப்புக்குத்தான் போடுவேன் என்றார். ஜார்ஜ் எழுந்து கை கொடுத்து, சவாலை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். நண்பர்களாகவே இருப்போம் என்றார் அதிபர்.

செப்டம்பரில் ஜார்ஜ் ஜெயித்தார். அதிபரின் ஆள் கேம்ப் மூன்றாவது இடம். நம் மாநிலத்துச் செனட்டரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்வோம், வாஷிங்டனிலிருந்து வந்து சொல்ல வேண்டாம் என்று ஜார்ஜியா பதில் சொன்னதாகத்தான் வழக்கமாக எழுதுவார்கள். அதை முழுக்க ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அன்றைக்கு ஜார்ஜியாவில் ஓட்டு யாருக்கு இருந்தது? உட்கட்சித் தேர்தல் வெள்ளையருக்கு மட்டும். அதற்கும் தலைவரி கட்டியிருக்க வேண்டும், அது 1945 வரை இருந்தது. ஒவ்வொரு கவுன்டிக்கும், அதாவது மாவட்டம் போன்ற பகுதிக்கும், இத்தனை அலகு என்று கணக்கிட்ட முறையில் சின்னக் கவுன்டிகளுக்கே மவுசு. புதிய ஒப்பந்தத்தால் யாருக்கு அதிகம் கிடைத்திருக்குமோ, அந்தக் கறுப்பினக் குத்தகை விவசாயிக்கும் வரி கட்ட வழியில்லாத ஏழை வெள்ளையருக்கும் ஓட்டே இல்லை. ரூஸ்வெல்ட் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாதவர்கள். அந்தக் கதவைத் திறப்பது பற்றி பார்ன்ஸ்வில்லில் அவர் பேசவில்லை. அவருக்கு இருந்த பெருந்தன்மையையெல்லாம் நினைத்தாலும், இது எனக்கு உறுத்துகிறது.

இருந்தும் இரண்டு மேடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்ன்ஸ்வில் மேடையில் வாக்காளருக்கு ஒரு இடம் இருந்தது. அதிபர் தன் காரணத்தைச் சொன்னார். அந்தக் காரணம் மின்சாரத்தையும் கூலியையும் பற்றியது, தன்னைப் பற்றியது இல்லை. கேட்டவர்கள் அதை எடைபோட்டு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, சொன்னார்கள். தோற்ற அதிபரும் அந்த எண்ணிக்கையை மறுக்கவில்லை. 1941இல் பிரிட்டனுக்கு ஆயுதம் அனுப்பும் கடன்-குத்தகை மசோதா செனட்டுக்கு வந்தபோது வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்தவர் இதே வால்டர் ஜார்ஜ். ரூஸ்வெல்ட்டின் அந்த மசோதாவை நிறைவேற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

அதிபர்கள் தோற்பது புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரியில் ஒபாமா பாஸ்டனுக்கு ஓடி வந்து மார்த்தா கோக்லிக்குப் பேசினார், இரண்டே நாளில் ஸ்காட் பிரவுன் ஜெயித்து, டெட் கென்னடி வைத்திருந்த இடம் கை மாறியது. அதே வருடம் பென்சில்வேனியாவில் அவர் ஆதரித்த ஆர்லன் ஸ்பெக்டர் உட்கட்சித் தேர்தலிலேயே விழுந்தார். அதற்காக யாரும் ஓட்டுப் போடுவதையே கைவிடவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பெர்டியூ நவம்பரில் வாங்கியது 24 லட்சத்து 62 ஆயிரம் ஓட்டு. ஜனவரியில் 22 லட்சத்து 15 ஆயிரம். அவரை எதிர்த்த ஜான் ஆசாஃப் 23 லட்சத்து 74 ஆயிரத்திலிருந்து 22 லட்சத்து 70 ஆயிரம். மறுசுற்றில் எல்லோருக்குமே ஓட்டுக் குறையும். ஆனால் ஆசாஃப் இழந்ததுபோல இரண்டு மடங்குக்கு மேல் பெர்டியூ இழந்திருக்கிறார், தோற்றது சுமார் 55 ஆயிரத்தில். இதை டிரம்ப் ஒருவர் தலையில் கட்ட முடியாது. ஸ்டேசி ஆப்ரம்ஸ் போன்றவர்கள் பத்து வருடமாக வீடு வீடாகப் போய் வாக்காளர்களைச் சேர்த்த உழைப்பு அதில் இருக்கிறது. எபனேசர் தேவாலயப் போதகர் ரஃபேல் வார்னாக் ஜார்ஜியாவின் முதல் கறுப்பினச் செனட்டரானது அந்த உழைப்பின் பலன். தலைவரியும் வெள்ளையர் தேர்தலும் இருந்த அதே மாநிலம். அன்று ராத்திரி என் மனைவி கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் விடுபட்ட இரண்டரை லட்சத்தில் எங்கள் தெருப் பெரியவரும் ஒருவர். நான் விரும்பியது அவர் ஓட்டுப் போட்ட கட்சி தோற்பதுதான். அவர் ஓட்டே போடாமல் அது தோற்பதை நான் விரும்பவில்லை. இதைச் சொன்னால் எங்கள் குழுவில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன என்கிறார்கள். ஒருவருடைய ஓட்டு எண்ணப்படாது என்ற நம்பிக்கையை அவருடைய தலைவரே அவர் மனதில் விதைத்துவிட்டுப் போயிருக்கிறார், அது ஒரு தேர்தலோடு போகிற விஷயமா என்று நான் கேட்டேன். இன்றும் கேட்கிறேன்.

மறுநாள், ஜனவரி 6. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்துகொண்டிருந்த அதே பிற்பகலில் ஆசாஃப் வெற்றி அறிவிக்கப்பட்டது. ராத்திரி செனட் திரும்பக் கூடியபோது லெஃப்லர் எழுந்து, இனி என் மனசாட்சிப்படி எதிர்க்க முடியாது என்று டால்டன் வாக்குறுதியைத் திரும்பப் பெற்றார். அதற்குள் அவர் தோற்றிருந்தார். கமலா ஹாரிஸ் பதவியேற்ற அன்றே, ஜனவரி 20, வார்னாக்குக்கும் ஆசாஃபுக்கும் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

டால்டனில் கொடுத்த இன்னொரு வாக்கை டிரம்ப் காப்பாற்றினார். கெம்ப்பை எதிர்க்க அவர் நிறுத்திய ஆள் பெர்டியூ. 2022 மே உட்கட்சித் தேர்தலில் கெம்ப்புக்கு ஏறக்குறைய 74 சதவீதம், பெர்டியூவுக்கு 22. ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சிக்காரர்கள் அந்த முறை வீட்டில் உட்காரவில்லை, போய் பதில் சொன்னார்கள். நம்பிக்கை முற்றிலும் செத்துவிடவில்லை என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதல்.

2025இல் டிரம்ப் திரும்ப வந்ததும் கெல்லி லெஃப்லர் சிறுதொழில் நிர்வாகத் துறையின் தலைவரானார். டேவிட் பெர்டியூ சீனாவுக்குத் தூதரானார். டால்டன் மேடையில் நின்றவர்களுக்கும், வர முடியாமல் வீட்டிலிருந்தவருக்கும் கணக்கு நேராகிவிட்டது.